எருவுக்குக் கணக்கு உண்டு, காலனித் தண்ணீருக்கு?

புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டில் முட்டை உடைக்காத மாதம் இது. பண்ணைக்காரர்கள் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடும் மாதமும் இதுதான். ஆனால் கோழிக்குப் புரட்டாசி கிடையாது. நாமக்கல் வட்டாரத்தில் நாளொன்றுக்கு 5 கோடிக்குக் குறையாமல் முட்டை விழுகிறது. முட்டை லாரியேறிக் கேரளத்துக்கும் சத்துணவுக் கூடங்களுக்கும் கப்பலுக்கும் போய்விடும். கூண்டுக்குக் கீழே விழும் எச்சம் பெரும்பாலும் இந்த மாவட்டத்து மண்ணிலும் பக்கத்து மாவட்டங்களின் மண்ணிலும்தான் சேர்கிறது.

இப்போது ராசிபுரம், சேந்தமங்கலம், மோகனூர்ப் பக்கம் வண்டியில் போகிறவர்கள் வயலோரங்களில் எருக்குவியல்களைப் பார்க்கலாம். சிலது இறைத்தாயிற்று, சிலது மழைக்காகக் காத்திருக்கிறது. ஐப்பசியில் அடைமழை பிடிக்கும். அந்தக் குவியல்களிலிருந்து இறங்கும் தண்ணீர் எங்கே போகிறது என்பதைத்தான் இந்த வாரம் பேச நினைக்கிறோம். எரு உழவருக்கு வேண்டியது. தண்ணீர் எல்லோருக்கும் வேண்டியது. இரண்டுக்கும் நடுவில் பெரும்பாலான ஊர்களில் ஒரு காலனி இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் நாலைந்து பேர் ராசிபுரம் பக்கம் ஒரு காலனிக்குப் போயிருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். எந்த ஊரின் பெயரை எழுதினாலும் படிக்கிறவர்கள் தங்கள் ஊரைச் சொல்வதாகவே நினைப்பார்கள், அதில் தவறும் இல்லை. ஊர் மேட்டில் இருக்கிறது, காலனி பள்ளத்தில் ஓடையை ஒட்டி. நடுவில் மரவள்ளிக் காடு. காட்டின் தலைமாட்டில் ஒரு டிப்பர் கோழி எரு, மேலே எந்த மூடாக்கும் இல்லை. காலனிக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் நாலைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறது. மற்ற நாளெல்லாம் ஓடையோரத்துப் போர்த் தண்ணீரும் அடிபம்பும்தான்.

"தண்ணி தெளிவாத்தானுங்க இருக்குது. வாசம்கூட இல்லீங்க" என்றார் குடம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா. உண்மைதான். சொம்பில் பிடித்துப் பார்த்தோம், பளிங்கு போல இருந்தது. கூட வந்த கல்லூரி மாணவர் பரிசோதனைப் பெட்டியைத் திறந்து நைட்ரேட்டுக்கான மருந்தைக் கலந்தார். சிறிது நேரத்தில் குழாய் நிறம் ஏறி, அட்டையில் கடைசிக் கட்டத்துக்குப் போய் நின்றது.

பெட்டிச் சோதனை தீர்ப்பு இல்லை, எச்சரிக்கைதான். ஆய்வகத்தில்தான் உறுதி செய்ய வேண்டும். ஆனால் அந்த அக்கா அடுத்துக் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை: "இத இதுக்கு முந்தி யாராச்சும் பாத்திருக்காங்களா, தம்பி?"

அங்கிருந்த யாருக்கும் அப்படி ஒரு நினைவில்லை.

ஐந்து டன்னில் எத்தனை மூட்டை யூரியா?

முதலில் உழவர் பக்கத்துக் கணக்கைப் பார்த்துவிடுவோம். கோழி எருவைக் குறை சொல்வது எங்கள் நோக்கமே இல்லை. வருடக்கணக்கில் உப்புரம் மட்டுமே தின்று இறுகிப்போன செம்மண்ணைப் பொலபொலப்பாக்குவது எரு. உரக்கடையில் யூரியாவுக்கு வரிசை நிற்கும் காலத்தில் கைகொடுப்பதும் எரு. வள்ளுவரே உழவு அதிகாரத்தில் உழுவதைவிட எருவிடுவது நல்லது என்கிறார். அதே அதிகாரத்தில் எருவை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அளவு ஒரு பிடி. நம் காலத்தின் அளவு ஒரு லோடு. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மாட்டுத் தொழு எருவில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு. காய்ந்த கோழி எருவில் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு. அதாவது ஆறு மடங்கு. எரு ஈரமாக இருந்தால் இது குறையும், ஆனாலும் தொழு எருவைவிட வலுவானதுதான். பல பயிர்களுக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு எரு என்பது வேளாண் துறை காலங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அந்த 5 டன்னில் இருக்கும் தழைச்சத்து 25 கிலோ. தொழு எருவுக்குப் பழகிய கை அதே 5 டன்னைக் கோழி எருவாகப் போட்டால் மண்ணில் விழுவது 150 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 20 கிலோவுக்குச் சற்று மேல் தழைச்சத்து உண்டு. ஆக, ஏழு மூட்டை யூரியாவை ஒரே ஏக்கரில் கொட்டியதற்குச் சமம்.

பயிர் எவ்வளவு கேட்கிறது? பாசன மரவள்ளிக்குப் பரிந்துரை எக்டேருக்கு 90 கிலோ, ஏக்கருக்கு 36 கிலோ. பாசன நிலக்கடலைக்கு எக்டேருக்கு 25 கிலோ, ஏக்கருக்கு 10 கிலோ. கோழி எருவின் சத்து முழுவதும் முதல் பருவத்திலேயே கிடைத்துவிடாது. ஏறக்குறைய பாதிதான் உடனே கரையும், மீதி பின்னால் வரும். அப்படிப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 75 கிலோ. மரவள்ளி கேட்டதைப் போல இரண்டு மடங்கு. கடலை கேட்டதைப் போல ஏழு மடங்கு. இதற்கு மேல் பழக்கத்தில் இரண்டு மூட்டை யூரியாவும் விழும். அடுத்த வருடம் மீண்டும் ஒரு லோடு வரும், போன வருடத்து மீதியை யாரும் கழிப்பதில்லை.

ஐரோப்பிய நாடுகள் இதற்காகவே 1991-ல் ஒரு நைட்ரேட் சட்டம் கொண்டுவந்தன. நிலத்தடி நீர் பாதிக்கப்படும் பகுதிகளில் கால்நடை எருவின் வழியாக எக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் போடக் கூடாது என்பது அதன் வரம்பு. நம் கணக்கில் ஏக்கருக்கு ஏறத்தாழ 69 கிலோ. நாம் மேலே சொன்ன 5 டன் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நம் ஊரில் வயலில் இறக்கும் எருவுக்கு அப்படி ஓர் உச்சவரம்பு நடைமுறையில் இல்லை. லாரி எவ்வளவு கொள்ளுமோ அதுதான் வரம்பு.

தெளிந்த தண்ணீரில் தெரியாதது

பயிர் தின்றது போக மிச்சமாகும் தழைச்சத்து மண்ணில் சும்மா கிடப்பதில்லை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன. நைட்ரேட்டை மண் துகள் பிடித்து வைக்காது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே கூடவே போகும். நம் மாவட்டம் பாறை நிலம். மேலே சில அடி செம்மண், கீழே பாறையும் அதன் வெடிப்புகளும். அந்த வெடிப்புகளின் வழியாகத்தான் நம் போர்களுக்குத் தண்ணீர் ஊறுகிறது. மேட்டுக் காட்டில் இறங்கிய மழை பள்ளத்துப் போருக்கு வந்து சேர இதுவே வழி.

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, குடிக்கும் அளவில் ருசியும் தெரியாது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய தரநிர்ணயம். வேறு தண்ணீர் இல்லாவிட்டால் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்ற சலுகையும் இதற்கு இல்லை. காரணம் கைக்குழந்தைகள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மாவைக் கரைக்கும் தண்ணீரில் நைட்ரேட் மிகுந்தால், அது குழந்தையின் வயிற்றில் நைட்ரைட்டாகி இரத்தத்தில் கலந்து, உயிர்க்காற்றைச் சுமக்கும் வலுவைக் குறைத்துவிடும். உதடும் நகமும் நீலம் பாயும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. கர்ப்பிணிகளும் கவனமாக இருக்க வேண்டும்.

"காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும்" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. மழைநீரில் அடித்துவரும் பச்சை எருவிலுள்ள வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்கு அது சரி. நைட்ரேட்டுக்கு அது நேர்மாறு. காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் அடியில் தங்கிச் செறிவு கூடும். குளோரின் பவுடர் போட்டாலும் போகாது. வீட்டில் வைக்கும் சாதாரண வடிகட்டியும் அதைப் பிடிக்காது.

இது ஏதோ ஒரு காலனியின் கதை மட்டும் இல்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ஆம் ஆண்டு நீர்த்தர அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் எடுத்த மாதிரிகளில் நூற்றுக்குச் சுமார் 38-ல் நைட்ரேட் 45-ஐத் தாண்டியிருக்கிறது. ராஜஸ்தான், கர்நாடகத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாட்டில் மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் வரிசையில் விழுப்புரம் இருக்கிறது.

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நைட்ரேட்டுக்குக் கோழி எரு ஒன்றே காரணம் இல்லை. யூரியா ஒரு காரணம். மாட்டுக்கொட்டகைக் குப்பைமேடு ஒரு காரணம். சாக்கடை கட்டாமல் விட்ட தெருவும், அடிபம்புக்கு அருகிலேயே தோண்டிய கழிவறைக் குழியும் காரணம். அந்தக் காலனியில் பம்புக்குப் பக்கத்திலேயே இரண்டு குழிகள் இருந்ததை நாங்களும் பார்த்தோம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத்தான் சோதனை வேண்டும், அதுவும் மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று. சோதனையே நடக்காத இடத்தில் பண்ணை மீது பழி போடுவதும் காலனி மீது பழி போடுவதும் வெறும் வாய்ச்சண்டைதான்.

தனிக்கிணறு செய்த வேலை

இது சுற்றுச்சூழல் செய்திதானே, இந்தப் பத்தியில் எதற்கு என்று சிலர் கேட்கலாம்.

மழைநீர் சாதி பார்ப்பதில்லை, பள்ளத்தைத்தான் பார்க்கும். ஆனால் பள்ளத்தில் யாரைக் குடியேற்றியது என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. ஓடையோரம், ஏரிக்கடைக்கால், சுடுகாட்டுப் பாதை என்று ஊர் வேண்டாமென ஒதுக்கிய நிலத்தில்தான் பல காலனிகள் இருக்கின்றன. மேட்டிலுள்ள காடு யாருடையது, அதில் என்ன கொட்டுகிறார்கள், எப்போது கொட்டுகிறார்கள் என்பதில் பள்ளத்தில் இருப்பவருக்கு ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை.

இரண்டாவது, தனித் தண்ணீர். ஊர்க்கிணற்றில் இறங்க விடாததால் காலனிக்குத் தனிக்கிணறு வந்தது. கிணறு போய்த் தனி அடிபம்பு வந்தது. பம்பு போய்த் தனிப் போரும் தனித் தொட்டியும் வந்தன. அரசு இதையெல்லாம் நலத்திட்டமாகவே கொடுத்தது. ஆனால் அதற்குள் ஒரு கண்ணி இருந்தது. ஊரும் காலனியும் ஒரே தண்ணீரைக் குடித்தால், அது கெடும்போது ஊரே கூச்சல் போடும், மறுநாள் அதிகாரி வந்து நிற்பார். தண்ணீரைப் பிரித்துவிட்டதால் காலனிப் போர் கெட்டாலும் ஊருக்குச் செய்தியே போவதில்லை. தீண்டாமை தண்ணீரைப் பிரித்ததோடு தண்ணீரைப் பற்றிய கவலையையும் பிரித்துவிட்டது.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அள்ளிக் குடித்தார். பல்லாயிரம் பேர் அவருடன் வந்தார்கள். தலித்துகள் தொட்டதால் குளம் தீட்டாகிவிட்டதென்று அதன்பின் சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களைக் குளத்தில் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். மனிதர் கை பட்ட நீர் அழுக்கு, சாணம் கரைத்த நீர் சுத்தம். அந்தக் கணக்கு இன்னும் முழுதாகச் செத்துப்போகவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதியினரின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்ததை நாடே பார்த்தது.

வேங்கைவயலில் கெட்டது கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் நாடு அதிர்ந்தது. இங்கே கெடுவது கண்ணுக்குத் தெரியாது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதும் இல்லை. அளவு தெரியாமை, மழைக்கு முன் இறக்கிவிடும் அவசரம், கேட்க ஆளில்லை என்ற தைரியம் ஆகியவை போதும். அதனாலேயே இது வருடக்கணக்கில் நடக்கிறது.

அள்ளுகிறவரே குடிக்கிறார்

அந்தக் காலனியில் இருபது வீட்டுக்கு மேல் பண்ணை வேலைக்குப் போகிறவர்கள். கூண்டுக்குக் கீழே மாதக்கணக்கில் சேர்ந்த எச்சத்தை மண்வெட்டியால் வாரிக் கூடையில் சுமந்து லாரியில் ஏற்றுவது அவர்கள் வேலை. மேற்கு மாவட்டங்களில் இந்த வேலையில் அருந்ததியர் தெருவின் பங்கு எவ்வளவு என்று யாரும் கணக்கெடுக்க வேண்டியதில்லை. காலையில் பண்ணை வேன் எந்தத் தெருவில் நிற்கிறதென்று பார்த்தால் போதும்.

எருவிலிருந்து கிளம்பும் அமோனியா வாயு கண்ணைக் கரிக்கும், மூச்சை அடைக்கும். "துண்டக் கட்டிக்குவமுங்க. சாயங்காலம் வந்தா கண்ணு செவசெவன்னு இருக்கும். கொழந்தையத் தூக்க முடியாதுங்க, குளிச்சுட்டுத்தான்" என்றார் ஒரு தம்பி. முகக்கவசம், கையுறை, காலணி கொடுக்கும் பண்ணைகள் உண்டு. கொடுக்காத பண்ணைகளும் உண்டு.

அந்தத் தம்பியின் வேலையில் ஒரு நோட்டு இருக்கிறது. எத்தனை லோடு ஏற்றினார்கள், எந்தக் காட்டுக்குப் போனது, லோடுக்கு எவ்வளவு கூலி, உழவர் எவ்வளவு கொடுத்தார், பாக்கி எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். எரு சரக்கு, அதனால் அதற்குக் கணக்கு இருக்கிறது. அதே எரு கரைந்து இறங்கும் போருக்கு, அதே தம்பியின் வீட்டில் குடத்தில் நிற்கும் தண்ணீருக்கு நோட்டு இல்லை. அங்கே பார்த்துக் கேட்டதில் எங்களை மிகவும் உறுத்தியது இதுதான்.

கேட்டைத் தாண்டினால் சட்டம் இல்லை

சட்டம் இல்லாமல் இல்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்தது. ஓடையையோ கிணற்றையோ தெரிந்தே மாசுபடுத்துவதை அது தடுக்கிறது. மாசில்லாத தண்ணீர் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சொல்லிவிட்டது. பட்டியல் சாதியினர் வழக்கமாகப் பயன்படுத்தும் நீராதாரத்தைக் கெடுப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லிருந்தே குற்றமாக வைத்திருக்கிறது.

கோழிப்பண்ணைகளுக்கும் விதி உண்டு. முன்பு ஒரு லட்சம் கோழிகளுக்குக் கீழே இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு தேவையில்லை என்றிருந்தது. 2020-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அதன்பின் வந்த மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வழிகாட்டுதல் 5,000 கோழிக்கு மேற்பட்ட பண்ணைகளையும் இசைவு வரம்புக்குள் கொண்டுவந்தது. புதிய பண்ணை குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளியும், ஆறு, ஏரி, குடிநீர் ஆதாரங்களிலிருந்து 100 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும் என்றது.

இதிலுள்ள ஓட்டையைப் பாருங்கள். விதிகளின் கண் பண்ணையின் மேல் இருக்கிறது. பண்ணைக் கேட்டைத் தாண்டி லாரி வெளியே வந்துவிட்டால் அந்தச் சரக்கு யார் பொறுப்பு? பண்ணைக்காரர் விற்றுவிட்டார், தரகர் இறக்கிவிட்டார், உழவர் இன்னும் இறைக்கவில்லை. 50,000 கோழி உள்ள பண்ணையில் கோழிக்கு நாளொன்றுக்கு 100 கிராம் எச்சம் என்று வைத்தாலும் தினமும் 5 டன். பண்ணைக்கு 100 மீட்டர் தூரம் கேட்கும் விதி, அதே பண்ணையின் எருக்குவியலுக்கும் அடிபம்புக்கும் எத்தனை மீட்டர் என்பதை நடைமுறையில் யாரிடமும் கேட்பதில்லை.

வன்கொடுமைச் சட்டம் கடைசி ஆயுதமாக இருக்கட்டும். நைட்ரேட் கையும் களவுமாகப் பிடிபடாது. மேட்டிலுள்ள எந்தக் காட்டிலிருந்து வந்ததென்று விரல் நீட்டுவது கடினம். வழக்கில் இறங்கும் முன் கையில் இருக்க வேண்டியது தேதி போட்ட சோதனை அறிக்கைகள். அவை இருந்தால் பல இடங்களில் வழக்குக்கே தேவை வராது.

எருவை நிறுத்தச் சொல்லவில்லை

எங்கள் கோரிக்கை எருவை நிறுத்த வேண்டும் என்பதில்லை. அளவு, காலம், தூரம் ஆகிய மூன்றையும் ஊர் கூடி முடிவு செய்ய வேண்டும் என்பதுதான். உழவர்களில் நம் மக்களும் இருக்கிறார்கள். குத்தகைக்குக் காடு பிடித்து மரவள்ளி போடும் காலனிக்காரருக்கும் இது பொருந்தும்.

அளவு: மண் பரிசோதனை செய்து, பயிருக்கு என்ன வேண்டுமோ அதைக் கணக்கிட்டு எரு போட வேண்டும். தொழு எருவுக்குப் பழகிய லோடுக் கணக்கைக் கோழி எருவுக்கு வைக்கக் கூடாது. எரு போட்ட அளவுக்கு யூரியாவைக் குறைக்க வேண்டும். இதில் உழவருக்கு நட்டமில்லை. கிணற்றுக்குள் இறங்கும் தழைச்சத்து அவர் காசு கொடுத்து வாங்கியதுதான்.

காலம்: அடைமழைக்கு முன் பச்சை எருவை இறைத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. விதைப்பை ஒட்டி இறைத்து அன்றே உழுது மூடிவிட வேண்டும். திறந்து கிடக்கும் கோழி எரு ஒரு மாதத்தில் தன் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியைக் காற்றில் விட்டுவிடும். மழை பெய்தால் மீதியில் ஒரு பங்கு ஓடையில் போகும்.

தூரம்: குவியலை மேடான, கெட்டியான தரையில் வைத்து, சுற்றிலும் வரப்புக் கட்டி, தார்ப்பாயோ தென்னங்கீற்றோ போட்டு மூட வேண்டும். அடிபம்பு, போர், கிணறு, ஓடை ஆகியவற்றுக்கு இத்தனை மீட்டருக்குள் எரு இறக்கக் கூடாது என்று கிராம சபை தீர்மானம் போடலாம். பண்ணைக்குச் சொன்ன 100 மீட்டரையே தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். ஓடைக்கரையில் சில அடி அகலத்துக்கு வெட்டிவேரோ தீவனப்புல்லோ விட்டால் அடித்துவரும் எருவில் ஒரு பகுதியை அது பிடித்துக்கொள்ளும், மாட்டுக்கும் ஆகும்.

எல்லாவற்றிலும் நல்லது பச்சை எருவை மக்கவைத்துப் போடுவது. தென்னை நார்க்கழிவு, கடலைத் தோல், வைக்கோல் போன்றவற்றோடு கலந்து, ஈரம் காத்து, அவ்வப்போது கிளறிவிட்டால் சில மாதங்களில் நாற்றம் போய், கிருமி குறைந்து, சத்து மெல்லக் கரையும் உரமாகிவிடும். கோழி எச்சத்திலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரமாக்கும் வேலையும் நாமக்கல்லில் நடந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எரிவாயு போன பிறகும் தழைச்சத்து பெரும்பாலும் அந்தக் குழம்பிலேயே இருக்கும். அதையும் அளந்துதான் வயலில் விட வேண்டும்.

கிராம சபைக்கு முன் ஒரு நோட்டு

நம் மாவட்டத்தில் 2019-ல் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. கேட்டால் பதில் சொல்ல வார்டு உறுப்பினர் இல்லாத நேரத்தில் காலனிக் குரல் இன்னும் தாழ்ந்துபோகும். ஆகவே வாய்ச்சொல்லைவிட எழுத்து முக்கியம். காந்தி பிறந்தநாளையொட்டிக் கூடும் கிராம சபைக்கு எழுதி எடுத்துப் போக வேண்டியவை சில உண்டு.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி கொடுத்துப் பெட்டியும் தர வேண்டும். நம் ஊரில் அந்த ஐவர் யார், அதில் காலனிப் பெண்கள் எத்தனை பேர், பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். காலனிப் போர், அடிபம்பு, தொட்டி ஒவ்வொன்றையும் மழைக்கு முன்னும் பின்னும் குடிநீர் வடிகால் வாரிய மாவட்ட ஆய்வகத்தில் சோதித்து, அறிக்கையைக் கிராம சபையில் வாசித்து, தொட்டிச் சுவரில் எழுத வேண்டும். ஊர்த் தொட்டியின் அறிக்கையையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். நைட்ரேட் 45-ஐத் தாண்டினால் 'குடிக்க ஆகாது' என்று பலகை மாட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. அன்றிலிருந்தே கூட்டுக் குடிநீர் காலனிக்குத் தினமும் வர வேண்டும், ஊருக்கு வரும் அதே குழாயில், அதே நேரத்தில்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒரு வேலை சொல்கிறோம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் தெருவின் வரைபடம் போடுங்கள்: போர் எங்கே, பம்பு எங்கே, கழிவறைக் குழி எங்கே, ஓடை எங்கே, மேட்டில் எரு இறங்கும் காடு எங்கே. அதன்பின் தேதி போட்டு எழுதுங்கள்: எரு எப்போது இறங்கியது, மழை எப்போது பெய்தது, தண்ணீரை எப்போது சோதித்தார்கள், என்ன எண் வந்தது, யாருக்கு மனு கொடுத்தோம், என்ன பதில் வந்தது. வேதியியல் படிக்கிறவர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நோட்டு எழுதப் பட்டம் தேவையில்லை. எண்ணை மாற்றியோ கூட்டியோ எழுதாதீர்கள். கழிவறைக் குழிதான் காரணம் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். நோட்டின் பலம் அதன் நேர்மையில் இருக்கிறது.

கிளம்பும்போது அந்த அக்கா எங்களிடம் கேட்டார்: "அப்ப இந்தத் தண்ணியக் குடிக்கலாமா, வேண்டாமா?" ஆய்வக முடிவு வரும்வரை கைக்குழந்தைக்கும் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும் காவிரித் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கொடுங்கள், போர்த் தண்ணீரைப் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். "நாலு நாளைக்கு ஒருக்கா வர்றத எத்தன கொடத்துல சேத்தி வெக்கிறதுங்க?" என்று சிரித்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கிராம சபையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். எருவின் நோட்டு ஏற்கெனவே அவருடைய ஊராட்சியில் புரண்டுகொண்டுதான் இருக்கிறது. தண்ணீரின் நோட்டை நாம் எடுத்துப் போவோம்.